பில்டு விழுந்த இடம்

சராசரி என்ற சொல்லைக் கேட்டாலே மீட்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அலுவலகக் கூட்டத்தில் யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், மல்லுக்கு நிற்பாள். "காலையில பட்டினி, ராத்திரி அஜீரணம். சராசரி பார்த்தா நல்ல சாப்பாடு. அதானே சார் சொல்றீங்க?" என்பாள். சார் என்பது துறைத் தலைவர். எதைச் சொன்னாலும் சுவரில் படம் போட்டுத்தான் சொல்லுவார் என்பதால் அவருக்கு ஸ்லைடு சார் என்று பெயர். அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்.

விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிகளைப் பிரித்து, எது எந்த விமானத்துக்கு என்று பட்டையில் ஓட்டிவிடும் எந்திரங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு மென்பொருள் எழுதுகிற அலுவலகம் அது. உங்கள் பெட்டி நீங்கள் போகாத ஊருக்குப் போய்ச் சேர்ந்தால், விழுகிற திட்டில் பாதி அவர்களுக்குச் சேர வேண்டியது. பல குழுக்கள் தனித்தனியாக எழுதிய நிரல்கள் ஆயிரக்கணக்கான துண்டுகளாகக் கிடக்கும். மதியம் எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில் அத்தனையையும் பெரிய சர்வரில் ஏற்றி, துண்டு துண்டாக எந்திர மொழிக்கு மாற்றி, கடைசியில் பகுதி பகுதியாகக் கோத்து ஒரே மென்பொருளாக முடிய வேண்டும். இதற்குப் பெயர் பில்டு. சாப்பாடு முடிந்து, பேச்சு முடிந்து, டீயும் முடிகிற நேரத்துக்குத்தான் அதுவும் முடியும். இந்த பில்டுக்குப் பொறுப்பு மீட்டரம்மா.

யார் வந்து கேட்டாலும் அவள் அதைச் சமையலறையை வைத்துத்தான் விளக்குவாள். பிராசஸர் அடுப்பு, மெமரி மேடை. அடுப்பு நாலுக்கு பதிலாகப் பதினாறு இருந்தால் வேகமாகச் சமைக்கலாம்தான். ஆனால் பதினாறு பாத்திரத்துக்கும் நறுக்க, அரைக்க, இறக்கி வைக்க மேடையில் இடம் வேண்டாமா? பழைய சர்வரை மாற்றிப் புதியது வாங்கியபோது ஸ்லைடு சார் அடுப்பை அள்ளிக் குவித்து வாங்கினார். மேடையைக் கொஞ்சம்போல நீட்டினார். படம் போட்டுக் காட்ட அடுப்புதான் எடுப்பாக இருக்கும். அன்றைக்கே அவள் சண்டை போட்டாள். "சராசரியாப் பார்த்தா மெமரி பாதிகூட ஆகல" என்று அவர் சொன்னார். அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது அவள் எழுதிய மீட்டரால். அதுவும் ஒரு புரோகிராம்தான். பில்டு ஓடும்போது சர்வருக்குள் இருக்கிற ஒவ்வொரு புரோகிராமிடமும் போய், நீ எவ்வளவு பிராசஸர் எடுக்கிறாய், எவ்வளவு மெமரியைப் பிடித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டு வாங்கி, கடைசியில் இரண்டு கோடுகளாக வரைந்து காட்டும். நீலம் பிராசஸர், ஆரஞ்சு மெமரி. அதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. அளக்கிற கை அளக்கிற பொருள்மேல் படக் கூடாது என்பாள். நடுவில் மீட்டர் டிஸ்கில் எதையாவது எழுதினால் பில்டு தாமதமாகும் என்று, எல்லாவற்றையும் அது தன்னிடமே வைத்திருந்து கடைசியில்தான் எழுதும்படி செய்திருந்தாள். பில்டின் கணக்கில் மீட்டருக்கு என்ன வேலை என்று அதன் பெயரையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். சுத்தமான கணக்கு என்று தனக்குள் மெச்சிக்கொள்வாள். புது சர்வர் வந்ததும், அடுப்பு வேகம் கூடியிருக்கிறதே, நாமும் அடிக்கடி எட்டிப் பார்க்கலாம் என்று, நொடிக்கு ஒருமுறை சுற்றிவந்த மீட்டரை நொடிக்குப் பலமுறை சுற்ற விட்டாள்.

அவளுக்கு நாற்பத்தைந்து வயது. அக்கா வீட்டு மாடியில் தனியாக இருந்தாள். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "நீங்க ஏன் பண்ணிக்கிட்டீங்க?" என்று திருப்பிக் கேட்பாள். பாதிப் பேர் அப்படியே முழிப்பார்கள். அத்தான் லிஃப்ட் மெக்கானிக், வாயைத் திறந்தால் கிண்டல்தான். அக்கா வீட்டிலேயே தையல் எந்திரம் போட்டிருந்தாள்.

அந்த அக்கா ஒரு காலத்தில் சோப்பு கட்டுகிற கம்பெனியில் வேலை பார்த்தவள். தங்கையைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம். பட்டையில் வரிசையாக வருகிற சோப்பைக் கட்டி அடுக்கும் வேலை. ஒரு மழைக்காலத்தில் பட்டை அடிக்கடி நின்றது, ஒவ்வொரு தடவையும் அக்காவின் இடத்தில். பட்டை தொடங்குகிற இடத்திலேயே அட்டைப்பெட்டி ஈரத்தில் ஊதி வந்துகொண்டிருந்தது. வளைவில் அவள் உட்கார்ந்திருந்ததால் அவளிடம் வந்து சிக்கியது. மேற்பார்வையாளருக்கு அதெல்லாம் வேண்டாம். உன்னிடத்தில் நின்றது, நீ கிளம்பு என்றார். அக்கா வீட்டுக்கு வந்து, சாயங்காலம் வரைக்கும் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். பள்ளிச் சீருடையோடு வாசலில் நின்று அதைப் பார்த்த தங்கைக்கு அன்று வந்த கோபம் அப்புறம் அடங்கவே இல்லை.

இப்போது குல்லா விஷயம். அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. பில்டு யாருடைய பகுதியைக் கோக்கும்போது விழுகிறதோ, அதாவது முடியாமல் பாதியில் நின்றுபோகிறதோ, அவர்களுடைய திரைக்கு மேலே ஒரு சிவப்புக் குல்லாவை மாட்டிவிடுவார்கள். அடுத்து வேறு யாரிடமாவது விழுகிற வரைக்கும் அது அங்கேயே இருக்கும். ஆரம்பத்தில் விளையாட்டுதான். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று ஊர் சுற்றும்; சிரித்துக்கொள்வார்கள். புது சர்வர் வந்த பிறகு குல்லா சுற்றுவதை நிறுத்திவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த புதுப்பெண்ணின் திரையிலேயே நிலைத்துவிட்டது.

அந்தப் பெண் வேலைக்கு வந்ததும் புது சர்வர் வந்ததும் ஏறக்குறைய ஒரே சமயம். பெட்டிகள் போகிற பாதை முழுவதையும் கணக்குப் போடுகிற தொகுதி ஒன்று உண்டு. இருப்பதிலேயே பெரியது, பழையது, யாரும் தொட விரும்பாதது. ஆகவே வந்ததும் வராததுமாக அதைத் தூக்கி அவள் தலையில் கட்டினார்கள். அவள் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாள். வேலை நிரந்தரமாகாத நேரத்தில் யார் வாயைத் திறப்பார்கள்? பில்டு விழும்போதெல்லாம் அவளுடைய தொகுதியில் விழுந்தது. வாரத்துக்கு ஒன்று, அப்புறம் இரண்டு. நிரலை அவள் வரி வரியாகப் பார்த்தாள், திருத்தினாள், திருத்தியதைத் திருத்தினாள். குல்லா அசையவில்லை. டீ நேரத்தில் அவள் மேசைப் பக்கம் போகிறவர்கள் குறைந்தார்கள்.

ஒரு நாள் மீட்டரம்மா டீயோடு அந்தப் பக்கம் போனாள். அந்தப் பெண் குல்லாவுக்குக் கீழே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மீட்டரம்மாவுக்கு என்ன வந்ததோ, டீயை மேசையில் வைத்தாள், குல்லாவை எடுத்தாள், இரண்டாக மடித்தாள், குப்பைக்கூடையில் போட்டுவிட்டு அதன்மேல் டீயையும் ஊற்றினாள்.

"அக்கா!" என்றாள் அந்தப் பெண் பதறிப்போய்.

"பில்டு உன்கிட்ட விழுது. விழ வெக்கிறது யாருன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. தெரியற வரைக்கும் இந்த ஆபீஸ்ல குல்லா கிடையாது" என்றாள், அறை முழுக்கக் கேட்கும்படி.

நாலு மேசை தள்ளி ஒருத்தன், "அதிகாரம் தூள் பறக்குது" என்று முணுமுணுத்தான். அவள் திரும்பிப் பார்த்ததும் குனிந்துகொண்டான்.

அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சர்வரில் மெமரி தீர்ந்துபோனால் சர்வர் தானாகவே உள்ளே ஓடுகிற ஒரு புரோகிராமைக் கொல்லும். யார் குற்றவாளி என்றெல்லாம் விசாரிக்காது. அந்த நிமிஷத்தில் யார் அதிக இடம் பிடித்திருக்கிறார்களோ, பெரும்பாலும் அவர்களைத்தான். லிஃப்டில் பாரம் கூடி மணி அடித்தால் எல்லோரும் பருமனான ஆளைத்தான் பார்ப்பார்கள். மூலையில் யாரோ இறக்கி வைத்த இரும்புப் பெட்டியை யாரும் பார்க்க மாட்டார்கள். பாதைத் தொகுதியைக் கோப்பதற்குத்தான் இருப்பதிலேயே அதிக மெமரி வேண்டும். ஆகவே அடி அதன் மேல். குல்லா அந்தப் பெண் மேல்.

குல்லாவைக் குப்பையில் போட்ட மறுநாள் ஸ்லைடு சார் மீட்டரம்மாவைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு பக்கக் குறிப்பு இருந்தது. தொடர்ந்து பில்டு விழுவதற்குப் பாதைத் தொகுதியின் தரக்குறைவே காரணம், எழுதியவரை நிரந்தரமாக்க இயலாது, பில்டுப் பொறுப்பாளர் ஒப்புதல் என்று இருந்தது. ஒப்புதலுக்கு நேராகக் காலியிடம்.

"வெள்ளிக்கிழமை கூட்டத்துல இதை முடிச்சிடணும் மேடம். கையெழுத்து போடுங்க."

"போட மாட்டேன்."

"ஏன்?"

"அவ கோட்தான் காரணம்னு நான் அளந்து பார்க்கல. அளக்காத விஷயத்துல கையெழுத்து போட்டுப் பழக்கமில்ல."

"எல்லா பில்டும் அங்கதானே விழுது? சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"அப்ப சின்னக் குழந்தைகிட்ட கையெழுத்து வாங்கிக்கங்க சார்."

ஸ்லைடு சாரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். நீங்க போடலைன்னா நான் போட்டுக்கறேன்" என்றார்.

மீட்டரம்மா மீட்டரைத் தீட்டினாள். இரும்புப் பெட்டியை வைத்தது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று, இன்னும் அடிக்கடி சுற்ற விட்டாள். இன்னும் நுணுக்கமாகக் கேட்க விட்டாள். செவ்வாய்க்கிழமை பில்டு விழுந்தது. புதன்கிழமை விழுந்தது. முன்பெல்லாம் டீ நேரத்தில் விழுந்தது இப்போது அதற்கு முன்பே விழுந்தது. "பார்த்துப் பார்த்தே பில்டுக்குக் கண்ணு பட்டுடுச்சு" என்று அலுவலகமே சிரித்தது. அவள் யாரையும் சட்டை செய்யவில்லை. ஆனால் உள்ளுக்குள் கலக்கமாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் ஒரு பெண்ணின் வேலை போகப்போகிறது. சும்மா குல்லாவைத் தூக்கிப் போட்டுவிட்டு வாய்ச்சவடால் அடித்தவள் என்று தன்னைச் சொல்லுவார்கள். சொன்னால் சொல்லட்டும், அந்தப் பெண் என்ன செய்வாள்?

வியாழக்கிழமை பிற்பகல், பில்டு செத்து விழுந்த அந்த நொடியின் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு புரோகிராமும் பிடித்திருந்த மெமரியைக் கூட்டினாள். சர்வர் தானாகச் சொன்ன மொத்தத்தோடு வைத்துப் பார்த்தாள். உதைத்தது. மொத்தம் பெரிதாக இருந்தது, கூட்டியது சிறிதாக இருந்தது. நடுவில் ஒரு துண்டு விழுந்தது. அதை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். சர்வர் தன் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொள்வது என்று விட்டிருந்தாள். இப்போது விடவில்லை. அந்தத் துண்டை மட்டும் பிரித்தெடுத்து, பில்டு தொடங்கியதிலிருந்து விழுந்த வரைக்கும் ஒரு கோடாக வரைந்தாள்.

கோடு ஏறியது. ஏறிக்கொண்டே போனது. ஒரு இடத்தில்கூட இறங்கவில்லை.

பில்டில் வேலை செய்கிற எந்தப் புரோகிராமும் அப்படிச் செய்யாது. ஒரு துண்டை எடுக்கும், மாற்றும், வைக்கும், இடத்தைக் காலி பண்ணிவிட்டுப் போய்விடும். கோடு ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் போகும். பிடித்ததை விடாமல், தொடக்கம் முதல் கடைசி வரைக்கும் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொள்கிற புரோகிராம் அந்த சர்வரில் ஒன்றே ஒன்றுதான். அதை அவளுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் எழுதியவள் அவள். பட்டியலிலிருந்து அதன் பெயரை எடுத்தவளும் அவள்.

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தாள். கோடு அப்படியே இருந்தது. கூர்மையாகப் பார்க்கப் பார்க்க மீட்டர் அதிகம் தின்றிருக்கிறது. அது தின்னத் தின்ன பில்டு சீக்கிரம் விழுந்திருக்கிறது. விழுந்த பழி ஜன்னலோரம் போயிருக்கிறது. மூலையில் இரும்புப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, யார் வைத்தது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தவள் அவளேதான்.

திருத்துவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கணக்கைச் சேர்த்து வைக்காமல் அவ்வப்போது வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்பச் சொன்னால் போதும். மிஞ்சிப்போனால் ஒரு மணி நேர வேலை. சத்தமில்லாமல் செய்துவிட்டால் நாளையிலிருந்து பில்டு விழாமல் ஓடும், ஒருவருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வரத்தான் செய்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். அதோடு அடுத்த எண்ணமும் வந்தது. நாளையிலிருந்து பில்டு விழாமல் ஓடினால் ஸ்லைடு சார் என்ன சொல்லுவார்? பார்த்தீர்களா, அந்தப் பெண்ணைக் கண்டித்ததும் சரியாகிவிட்டது என்பார். அவளை அனுப்பியும் விடுவார். அவள் போன பிறகு பில்டு விழாமல் ஓடுகிற ஒவ்வொரு நாளும் அவள்தான் குற்றவாளி என்று சாட்சி சொல்லும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அக்காவின் தையல் எந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அக்காவுக்கு சர்வரும் தெரியாது மெமரியும் தெரியாது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. எந்திரத்தை நிறுத்தினாள்.

"உன் வேலை போயிடுமாடி?"

"போகலாம். அந்த ஆள் சும்மாவே சமயம் பார்த்துக்கிட்டிருக்கார்."

"போனா என்ன பண்ணுவ?"

"வீட்டுல கோவமா உட்கார்ந்திருப்பேன்."

"ஐயோ சாமி" என்றார் அத்தான் உள்ளேயிருந்து. "எப்படியாவது அந்த வேலையைக் காப்பாத்திக்கம்மா. உன்னை ராத்திரி பார்க்கிறதே எங்களுக்குப் பெரும்பாடு. பகலும் சேர்ந்தா நான் லிஃப்ட்லயே குடியிருக்க வேண்டியதுதான்."

அக்கா சிரிக்கவில்லை. நூலைக் கத்தரித்துக்கொண்டே, "அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"இல்ல. நாளைக்குக் கூட்டத்துல சொல்லுவேன்."

"முதல்ல அவகிட்ட சொல்லுடி."

அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே போய் சர்வரைப் பிடித்துக்கொண்டாள். பழைய மீட்டரோடு ஒரு பில்டு ஓட்டினாள். விழுந்தது, பாதைத் தொகுதியில். திருத்திய மீட்டரோடு மதியம் ஓட்டினாள். அது ஓடி முடிந்தது. அந்தப் பெண்ணின் நிரலில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. நடுவில் ஒருமுறை அந்தப் பெண்ணின் மேசை வரைக்கும் போனாள். "மூணு மணிக்குக் கூட்டம். நீயும் வா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

கூட்ட அறையில் எல்லாக் குழுக்களிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். ஸ்லைடு சார் முன்னால் குறிப்பும் பேனாவும் இருந்தன. அந்தப் பெண் கதவோரம், எந்த நிமிஷமும் எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள் என்கிற மாதிரி, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"கையெழுத்து?" என்றார் ஸ்லைடு சார்.

"கிடையாது. அதுக்கு பதிலா ஒரு படம். இத்தனை வருஷமா நீங்க காட்டற படத்தையெல்லாம் நான் பார்த்திருக்கேன். இன்னைக்கு நான் ஒண்ணு காட்டறேன்."

சுவரில் ஆரஞ்சுக் கோடு வந்தது. அதற்குக் கீழே கறுப்பாக இன்னொரு கோடு, இடது மூலையில் தொடங்கி நிற்காமல் ஏறிப் போயிற்று.

"இந்தக் கறுப்புக் கோடு யாரோடது?" என்று ஒரு குழுத் தலைவர் கேட்டார். "எந்தப் புரோகிராம் இப்படித் தின்னுது?"

"என் மீட்டர்" என்றாள்.

பின்னால் யாரோ, "அப்ப கண்ணு பட்டது நிஜம்தான்" என்றார்கள். சிரிப்பு கிளம்பியது. அவள் சிரிப்பு அடங்கும் வரைக்கும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அடங்கியதும், காலையில் ஓட்டியதையும் மதியம் ஓட்டியதையும் அடுத்தடுத்துக் காட்டினாள்.

ஸ்லைடு சார் பேனாவைக் கீழே வைத்தார். குரலில் சந்தோஷத்தை மறைக்க அவரால் முடியவில்லை. "ஆக, இத்தனை வாரமா பில்டை விழ வெச்சது நீங்க."

"நான்தான். பழி சுமந்தது இந்தப் பொண்ணு. அதைக் கண்டுபிடிச்சதும் அதே மீட்டர்தான். மூணையும் சேர்த்து எழுதுங்க சார். உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணை மட்டும் எழுதாதீங்க."

"இதை மேலே அனுப்பினா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். இவ பேரை எழுதும்போது இவளுக்கு என்ன ஆகும்னு நீங்க ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? இவ பேரை அடிங்க. என் பேரை எழுதுங்க. இடம் பத்தலைன்னா இன்னொரு தாள் தரேன்."

"கோபப்படாதீங்க மேடம். விஷயம் சுலபமா முடிஞ்சுபோச்சு." அவர் எல்லோரையும் பார்த்துக் கையை விரித்தார். "மீட்டர்தான் பிரச்சினை. மீட்டரை இன்னையோட எடுத்துடலாம். அளக்கிறதும் வேண்டாம், விழறதும் வேண்டாம்."

"எடுக்க மாட்டேன்."

"என்ன சொல்றீங்க?"

"இனிமே மீட்டர் தின்னறதும் கணக்குல வரும். முதல் வரியே அதோட பேர்தான். ஆனா மேல பாருங்க." அவள் போய்ச் சுவரையே விரலால் தட்டினாள். மதியம் ஓடி முடிந்த பில்டின் ஆரஞ்சுக் கோடு மொத்த மெமரி என்கிற கூரையைத் தொட்டுக்கொண்டுதான் போயிருந்தது. "மீட்டர் தின்னதைக் கழிச்ச பிறகும் மிச்சம் இவ்வளவுதான். அடுத்த மாசம் ரெண்டு குழு புதுக் கோட் சேர்க்கப்போறாங்க. மறுபடி விழும். அப்ப அளக்க ஒண்ணும் இருக்காது. அப்ப யார் பேரை எழுதுவீங்க? அடுப்பை வாங்கினது நீங்க சார். மேடை பத்தலைன்னு நான் அன்னைக்கே சொன்னேன்."

ஸ்லைடு சாருக்குக் காது சிவந்தது. இவளோடு வாய் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை என்று, கதவுப் பக்கம் திரும்பினார். குரல் குழைந்தது. "நீயே சொல்லும்மா. இந்த மீட்டராலதானே நீ இவ்வளவு கஷ்டப்பட்ட? இது இல்லாம இருந்தா உனக்கு நிம்மதிதானே? நீ சரின்னு சொல்லு, இப்பவே எடுத்துடலாம். உன் பேப்பரையும் இப்பவே முடிச்சுடலாம்."

மீட்டரம்மா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். சரி என்று சொன்னால் வேலை நிச்சயம். சொல்வதற்கு எல்லா நியாயமும் அவளுக்கு உண்டு. யாரும் குறை சொல்ல முடியாது, மீட்டரம்மாவால் முக்கியமாக முடியாது.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். "எடுக்கக் கூடாது சார். அது இல்லைன்னா நான் தப்பு பண்ணலைன்னு எப்படிச் சொல்லியிருப்பேன்? நான் சொன்னா நம்பியிருப்பீங்களா? பேப்பரை நீங்க எப்ப வேணா முடிங்க. மீட்டர் இருக்கணும்."

பாதி அறை தலையாட்டியது. குல்லாவுக்காக முணுமுணுத்தவன்கூட, "இருக்கட்டும் சார்" என்றான். ஸ்லைடு சார் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார். பிறகு குறிப்பில் பாதைத் தொகுதி பற்றிய வரியை அடித்தார். நிரந்தரமாக்கலாம் என்று எழுதினார். பக்கத்திலேயே இன்னொரு தாளை இழுத்து மீட்டரம்மாவின் பேரை எழுதத் தொடங்கினார். எச்சரிக்கைக் கடிதம் திங்கட்கிழமை வரும் என்றார். "வரட்டும்" என்றாள் அவள். அதற்குமேல் அவருக்குக் காட்ட ஸ்லைடு இல்லை.

வெளியே தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அந்தப் பெண் பாட்டிலோடு நின்றிருந்தாள். மீட்டரம்மா பக்கத்தில் போனாள். தோளைத் தட்டிக்கொடுக்கத் தூக்கிய கையை, அந்த முகத்தைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டாள்.

"படத்துல நேத்து தேதி. நேத்தே தெரியும் உங்களுக்கு" என்றாள் அந்தப் பெண்.

"தெரியும்."

"எங்கிட்ட ஏன் முதல்ல சொல்லல? எல்லாரோடயும் உட்கார்ந்து நானும் படம் பார்த்துத் தெரிஞ்சுக்கணுமா?"

"பயமா இருந்துச்சும்மா" என்றாள் மீட்டரம்மா.

"அவர்கிட்ட அந்தப் போடு போட்டீங்க. எங்கிட்டயா பயம்?"

"ஆமா. அவருக்கு நான் ஒரு கெடுதலும் பண்ணல. உனக்குப் பண்ணிட்டேன்."

அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமலே பேசினாள். "தினமும் பஸ்ல அழுதுகிட்டு போனேன்க்கா. அம்மா கேட்டா தூசின்னு சொன்னேன். ஒரு கட்டத்துல எனக்கு இந்த வேலையே தெரியாது, நான் படிச்சது எல்லாம் சும்மான்னு நெனச்சேன். நல்லா எழுதினதைக்கூட அழிச்சு அழிச்சு எழுதினேன்."

அக்கா தேய்த்த பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்த சாயங்காலத்தில் அந்த மேற்பார்வையாளரை மீட்டரம்மா எப்படியெல்லாம் சபித்தாள்! இன்றைக்கு அந்த ஆள் நின்ற இடத்தில் அவளே நின்றுகொண்டிருந்தாள். இதைத் தாண்டிப் போகச் சண்டை உதவாது.

"என்னை மன்னிச்சிடும்மா."

அந்தப் பெண் பாட்டிலை மெதுவாக மூடினாள். "இப்ப முடியாதுக்கா. இன்னும் கோவம் இருக்கு. கொஞ்ச நாள் ஆகட்டும்."

"ஆகட்டும்" என்றாள் மீட்டரம்மா. வலித்தது. அந்த வலியோடேயே, அந்தப் பெண் எதற்கும் குனியாமல் நடந்து தன் மேசைக்குப் போவதைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.